மாத்திரை டப்பாவா, சாப்பாட்டுத் தட்டா?



மெஷின் நின்றபிறகு ரிப்பேர் பார்ப்பதைவிட முன்கூட்டியே பராமரிப்பது மேல் என்று வகுப்பில் படிக்கிறோம். நம் பெருங்குடலுக்கும் இதே விதிதான். அங்கே புற்றுநோய் ஒரே ராத்திரியில் வருவதில்லை. முதலில் உள்சுவரில் ‘பாலிப்’ என்ற சிறு சதை வளர்ச்சி தோன்றும். எல்லா பாலிப்பும் புற்றாவதில்லை. ஆவதற்கும் பெரும்பாலும் பத்து வருஷம் போலப் பிடிக்கும். அந்த இடைவெளிதான் நமக்குக் கிடைக்கும் வாய்ப்பு.

“அதுக்கென்னப்பா, தினம் ஒரு வைட்டமின் மாத்திரை போட்டுக்கிட்டா போச்சு!” என்பவர்கள் உண்டு. விஞ்ஞானிகள் அதையும் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். பாலிப் நீக்கப்பட்ட 864 பேரிடம் அமெரிக்காவில் நடந்த ஆய்வின் முடிவு 1994-ல் வெளியானது. பீட்டா கரோட்டின், வைட்டமின் சி, இ மாத்திரைகளை நாலு வருஷம் கொடுத்தும் புதிய பாலிப்புகள் குறையவில்லை. அதே ஆண்டு பின்லாந்து ஆய்வில், பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட்ட புகைபிடிப்பவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் அதிகமாகவே இருந்தது! கேரட்டில் இருந்தால் உணவு. மாத்திரையாக அளவு கூடினால் கதையே வேறு. கால்சியம்? 1999-ல் 930 பேரிடம் ஓரளவு பலன் தெரிந்தது. 2015-ல் வெளியான, 2,259 பேரிடம் நடந்த ஆய்வில் பலன் தெரியவில்லை.

அப்படியானால் எது உதவும்? நார்ச்சத்து. நம்மால் செரிக்க முடியாத நாரைக் குடலிலுள்ள பாக்டீரியாக்கள் புளிக்கவைத்து ‘பியூட்டிரேட்’ என்ற பொருளைத் தருகின்றன. பெருங்குடல் சுவர் செல்களுக்கு அதுதான் முக்கிய எரிபொருள். மலமும் தேங்காமல் நகரும். பல ஆய்வுகளைத் தொகுத்து 2011-ல் பார்த்தபோது, தினம் 10 கிராம் நார் கூடுதலாகச் சாப்பிடுபவர்களுக்கு ஆபத்து சுமார் 10 சதவீதம் குறைவாக இருந்தது. கேழ்வரகு, கம்பு, சுண்டல், கீரை, கொய்யா எல்லாம் நார்ச்சத்துதான். மெஸ்ஸில் நாம் ஓரமாக ஒதுக்கிவைப்பதும் இதைத்தானே! ஆனால் நாலு நாள் சாப்பிட்டுவிட்டு விடுவதற்கு இது மருந்தல்ல, பழக்கம்.

குறைக்க வேண்டியவையும் உண்டு. சாசேஜ், பேக்கன் போன்ற பதப்படுத்திய இறைச்சி புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015-ல் அறிவித்தது. தினம் 50 கிராம் சாப்பிட்டால் ஆபத்து 18 சதவீதம் கூடுமாம். நூறு பேரில் 18 பேருக்கு வரும் என்று இதற்கு அர்த்தமில்லை; ஏற்கெனவே இருக்கிற வாய்ப்பு அந்த அளவு கூடும், அவ்வளவுதான். ஆட்டுக்கறி, மாட்டுக்கறி அளவோடு இருக்கட்டும். சிகரெட்டும் மதுவும் வேண்டவே வேண்டாம்.

கடைசியாக ஒன்று. மலத்தில் ரத்தம் வந்தால் “மூலம்தான், சரியாயிடும்” என்று நம் வீட்டுப் பெரியவர்கள் வெட்கப்பட்டு மறைப்பார்கள். விடாதீர்கள், டாக்டரிடம் கூட்டிப் போங்கள். குழாய் விட்டுப் பார்க்கும் கொலோனாஸ்கோப்பியில் பாலிப் தெரிந்தால் பெரும்பாலும் அப்போதே எடுத்துவிடலாம்.

மாத்திரைக்கு வைத்த காசைக் கீரைக்காரம்மாவிடம் கொடுப்போம் நண்பர்களே. குடலும் வாழும், அவரும் வாழ்வார்!