காரின் உதடு தரையில் உரசுவது ஏன்?

வேகத்தடையும் வேண்டும், வண்டியும் பிழைக்க வேண்டும்!

"நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை" என்று பெயர் பெற்றது ஆர்.எஸ்.மங்கலம் பெரிய கண்மாய். நாரையும் ஒரே மூச்சில் பறந்து கடக்க முடியாத அளவுக்கு அதன் கரை நீளமானது என்பது பொருள். அந்த ஊர் வழியாகத் தேவிபட்டினம் நவபாஷாணத்துக்கும், அப்பால் இராமேசுவரத்துக்கும் கார்கள் போய்க்கொண்டே இருக்கின்றன.

நாரைக்குக் கரையின் நீளம் தடை. காருக்கோ, சாலையில் உள்ள சிறு மேடே தடையாகிவிடுகிறது!

அமாவாசைக்கு முதல் நாள், அந்தச் சாலையில் வெளியூர்க் கார் ஒன்று வருவதாக வைத்துக்கொள்வோம். உள்ளே ஐந்து பேர். பின்னால் மூட்டை முடிச்சுகள். ஒரு பள்ளிக்கூடத்தின் எதிரே வேகத்தடை. வெள்ளைக் கோடு அழிந்துபோனதால் தூரத்தில் தெரியவில்லை. கிட்டே வந்ததும் டிரைவர் பிரேக்கை ஓங்கி மிதிக்கிறார். "கர்ர்ர்" என்று ஒரு சத்தம். உள்ளே இருப்பவர்களுக்கு நெஞ்சு பதறுகிறது.

சாலையோரப் பட்டறையில் மெக்கானிக் குனிந்து பார்க்கிறார்.

"அண்ணே, முன்னால லிப் தொங்குது. கிளிப்பு ரெண்டு போயிருச்சு."

"வண்டி வாங்கி ஆறு மாசந்தானே தம்பி ஆச்சு?"

"வண்டி மேல தப்பு இல்லண்ணே. மேட்டுல ஏறும்போது பிரேக்குல கால் இருந்துச்சா?"

டிரைவர் பதில் பேசவில்லை. ஆனால் அந்த ஒரு கேள்வியில் விஷயம் முழுவதும் அடங்கியிருக்கிறது!

உதடு எதற்கு?

முன்பக்க பம்பரின் அடியில், தரையை நோக்கி நீண்டிருக்கும் பிளாஸ்டிக் அல்லது ரப்பர் விளிம்புதான் "லிப்". தமிழில் சொன்னால் உதடு. இது வெறும் அழகுக்காக வைத்தது அல்ல.

கார் ஓடும்போது எதிர்க்காற்று அதன் அடியிலும் புகுகிறது. அங்கே அச்சு, குழாய், இரும்புச் சட்டம் எல்லாவற்றிலும் மோதி வண்டியைப் பின்னுக்கு இழுக்கிறது. அந்தக் காற்றைப் பக்கவாட்டில் ஒதுக்குவதும், ரேடியேட்டர் பக்கம் திருப்புவதும் உதட்டின் வேலை. 1973ஆம் ஆண்டு உலகெங்கும் எண்ணெய் நெருக்கடி வந்தபின், பெட்ரோலை மிச்சப்படுத்தும் வழிகளைக் கார்க் கம்பெனிகள் தீவிரமாகத் தேடின. காற்றின் தடையைக் குறைப்பது அவற்றில் ஒன்று.

காற்றின் தடை, வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 40 கிலோமீட்டர் வேகத்தில் இருப்பதைப்போல 100 கிலோமீட்டர் வேகத்தில் ஆறு மடங்குக்கும் மேல்! ஆகவே நெடுஞ்சாலையில் உதவும் உதடு, ஊருக்குள் உபத்திரவமாகிறது.

நோபல் விஞ்ஞானி செய்த மேடு

வேகத்தடைக்கும் ஒரு சுவையான வரலாறு உண்டு. 1927ஆம் ஆண்டு பௌதிகத்துக்கான நோபல் பரிசு பெற்றவர் அமெரிக்க விஞ்ஞானி ஆர்தர் காம்ப்டன். செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் தலைவராக அவர் இருந்தார். வளாகத்துக்குள் கார்கள் கண்மூடித்தனமாகப் பறப்பதைக் கண்ட அவர், 1953இல் சாலைக்குக் குறுக்கே அமைக்கும் மேடுகளைத் தாமே கணக்கிட்டு வடிவமைத்தார். எக்ஸ் கதிரை ஆராய்ந்த மூளை, சாலை மேட்டையும் ஆராய்ந்தது!

நம் நாட்டிலும் இதற்குக் கணக்கு இருக்கிறது. இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1988இல் வெளியிட்ட விதிமுறைப்படி, வேகத்தடையின் உயரம் 10 சென்டிமீட்டர், அகலம் 3.7 மீட்டர் என்று இருந்தது. மேலே வில்போல் வளைந்திருக்க வேண்டும் என்றது அது. 25 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி சுகமாக ஏறி இறங்கும். 40 மீட்டர் முன்னதாகவே எச்சரிக்கைப் பலகை நிற்க வேண்டும் என்றும் அந்த விதிமுறை சொன்னது.

இந்த அளவில் கட்டிய மேட்டின் சரிவு ஏறுமிடத்தில் சுமார் 6 டிகிரிதான். சாதாரணக் கார் எதுவும் அதில் உரசாது. ஆனால் 15 சென்டிமீட்டர் உயரமும் 60 சென்டிமீட்டர் அகலமும் வைத்து ஓர் இரவில் சிமெண்டைக் குவித்துவிட்டால்? சரிவு 27 டிகிரியாகிவிடும். அது வேகத்தடை அல்ல, சுவர்!

அந்தச் சுவரில் காரின் உதடு மட்டுமா அடிபடுகிறது? இரு சக்கர வாகனத்தில் பின்னால் உட்கார்ந்திருக்கும் தாய்மாரும், ஆம்புலன்ஸில் கிடக்கும் நோயாளியும் அல்லவா துன்பப்படுகிறார்கள்!

என்ன செய்யலாம்?

முதல் பாடம், மெக்கானிக் கேட்ட கேள்விதான். பிரேக் போட்டால் காரின் எடை முன்னால் சாயும். முன் ஸ்பிரிங் அமுங்கி வண்டி தலை குனியும். உதடு தரைக்கு இன்னும் நெருங்கும். ஆகவே மேட்டுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். சக்கரம் ஏறத் தொடங்குமுன் பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும். ஸ்பிரிங் நிமிரும், உதடும் உயரும்.

செங்குத்தான மேட்டிலும், கண்மாய்க் கரை ஏறும் பாதையிலும் சற்றுச் சாய்வாக ஏறலாம். ஒரு சக்கரம் முதலில் ஏறி மூக்கைத் தூக்கிவிடும். ஆனால் பின்னாலும் எதிரிலும் வண்டி வராதபோதுதான் இதைச் செய்ய வேண்டும்.

டயரில் காற்று குறைந்தாலும் வண்டி தாழும். பாரம் மிகுந்தால் நடுவயிறு தட்டும். அழகுக்கென்று கடையில் வாங்கி மாட்டும் கூடுதல் உதடு, நம் கிராமச் சாலைக்கு ஏற்றதல்ல. ஸ்பிரிங்கின்மேல் கட்டை வைத்து வண்டியை உயர்த்தினால், வளைவில் நிலைதடுமாறும் ஆபத்து கூடும்.

உரசிய பிறகு?

சத்தம் கேட்டால் பயப்பட வேண்டாம், அலட்சியமும் கூடாது. ஓரமாக நிறுத்தி, குனிந்து பார்க்க வேண்டும். வெறும் கீறல் என்றால் கவலையில்லை. அடிபடுவதற்கென்றே அங்கே நிற்கும் காவல்காரன் அது! ஆனால் ஒரு முனை தொங்கினால், அப்படியே ஓட்டக்கூடாது. காற்றில் மடங்கிச் சக்கரத்துக்கு அடியில் சிக்கலாம். பட்டறை சேரும்வரை பிளாஸ்டிக் பட்டையால் இறுகக் கட்டிக்கொள்ளலாம். பெரும்பாலும் கிளிப்பும் திருகும் மாற்றினால் போதும். கடற்கரைப் பக்கம் உப்புக்காற்றில் திருகுகள் துருப்பிடிக்கும் என்பதால், அவற்றை அவ்வப்போது பார்ப்பது நல்லது.

அடி பலமாக இருந்தால் வண்டிக்கு அடியில் எண்ணெய் சொட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். உதட்டுக்குப் பின்னால்தான் ரேடியேட்டரும் என்ஜின் எண்ணெய்த் தொட்டியும் இருக்கின்றன. எண்ணெய் ஒழுகியபின் ஓட்டினால் என்ஜினே போய்விடும். அந்தச் செலவுக்கு முன்னால் உதட்டின் விலை எம்மாத்திரம்?

அளவு தவறிய மேட்டைப் பார்த்துத் திட்டிக்கொண்டே போவதால் பயனில்லை. பேரூராட்சியிடமோ, நெடுஞ்சாலைத் துறையிடமோ மனுக் கொடுக்கலாம். திங்கட்கிழமைதோறும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டமும் இருக்கிறது. அங்கே "மேட்டை எடுங்கள்" என்று கேட்கக்கூடாது. "அளவாகக் கட்டுங்கள்" என்று கேட்க வேண்டும். அந்த மேட்டுக்கு அப்பால் பள்ளி விட்டு ஓடிவருவது நம் பிள்ளைகள் அல்லவா?

கண்மாயின் மடைகள் நீரைத் தேக்குவதற்கு மட்டும் அல்ல, அளவாக விடுவதற்கும்தான். சாலையின் மேடும் அப்படியே. வண்டியை வதைப்பதற்கு அல்ல, அதன் வேகத்தை அளவாக்குவதற்கு. மேட்டைக் கட்டுபவர் அளவறிந்து கட்டட்டும். ஓட்டுபவர் அளவறிந்து ஓட்டட்டும். பிறகு உதடு ஏன் உரசப்போகிறது?