குத்தும் கூலியும்

குத்துச்சண்டை அபிமானிகள் கூடும் இடங்களிலெல்லாம் ஒரு குறை தவறாமல் காதில் விழுகிறது. அந்தக் காலத்து வீரர்கள் மாதம் இரண்டு மூன்று முறை மேடை ஏறினார்கள். இந்தக் காலத்துச் சாம்பியன்களோ வருஷத்துக்கு ஒரு சண்டைக்கே நாள் பார்க்கிறார்கள். ஆகவே வீரம் மங்கிவிட்டது என்பதே அந்தக் குறை. கணக்கை மட்டும் பார்த்தால் இவர்கள் சொல்வது சரிதான். காரணத்தைப் பார்த்தால் விஷயம் வேறாக இருக்கிறது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். அமெரிக்காவில் ஹாரி கிரெப் என்பவர் 1919-ம் வருஷத்தில் மட்டும் 40-க்கு மேற்பட்ட சண்டைகள் போட்டார். ஹென்றி ஆர்ம்ஸ்ட்ராங் 1937-ல் 27 முறை மேடை ஏறி 27-லும் வென்றார். 1939 அக்டோபர் என்ற ஒரே மாதத்தில் தம்முடைய சாம்பியன் பட்டத்தை ஐந்து தடவை பணயம் வைத்து ஐந்து தடவையும் காப்பாற்றினார். ஜோ லூயி 1941-ல் ஹெவிவெயிட் பட்டத்தை ஏழு முறை காத்தார். சுகர் ரே ராபின்ஸன் 1940 முதல் 1965 வரை ஏறக்குறைய 200 சண்டைகள் போட்டார். இவர்களுக்கு எதிரே நம் காலத்தவரை நிறுத்திப் பாருங்கள். பிளாய்டு மேவெதர் 1996 முதல் 2017 வரை போட்டவை 50. டெரன்ஸ் கிராபோர்டு 2020 முதல் 2024 வரை வருஷத்துக்கு ஒன்று வீதம் ஐந்தே சண்டைகள் போட்டார்.

பழையவர்கள் ஏன் அத்தனை முறை மேடை ஏறினார்கள்? வீரம் மிகுந்ததனாலா? வீரம் இருந்தது, அதை மறுப்பார் இல்லை. ஆனால் அவர்களை அடிக்கடி மேடைக்குத் தள்ளியது வயிறு. டெலிவிஷன் இல்லாத நாளில் குத்துச்சண்டைக்காரனின் வரும்படி வாசலில் விற்ற டிக்கட்டைப் பொறுத்தது. சிறிய ஊர்களிலும் பெரிய நகரத்துப் பேட்டைகளிலும் வாரந்தோறும் பந்தயங்கள் நடந்தன. கிடைத்த சொற்பத் தொகையில் மூன்றிலொரு பங்கு மானேஜர் கைக்குப் போவது வழக்கம். மிஞ்சியது அடுத்த சண்டை வரைக்கும் காணாது. ஆலைத் தொழிலாளி நாள்தோறும் ஆலைக்குப் போவதைப் போலவே அவனும் மேடைக்குப் போனான்.

நிறத்தின் பேரால் நடந்த அநீதியையும் இங்கே மறக்கலாகாது. ஸாம் லாங்போர்டு தம் காலத்து மகா வீரர்களில் ஒருவர். கறுப்பர் என்ற காரணத்தால் வெள்ளையர் பலர் அவரோடு மோத மறுத்தனர். ஹெவிவெயிட் சாம்பியன் பட்டத்துக்குப் போட்டியிடும் வாய்ப்பு அவருக்கு ஒருநாளும் கிட்டவில்லை. அந்தப் பட்டத்தை 1908-ல் வென்ற முதல் கறுப்பரான ஜாக் ஜான்ஸனும் அதற்குப் பின் அவரோடு மோதச் சம்மதிக்கவில்லை. வேறு வழியின்றித் தம்மைப் போலவே ஒதுக்கப்பட்ட கறுப்பு வீரர்களோடு அவர் திரும்பத் திரும்ப மோதினார். ஹாரி வில்ஸ் என்ற ஒருவரோடு மட்டும் 15 முறைக்கு மேல்! அவருடைய கண்கள் இரண்டும் அவிந்தன. 1944-ல் ஒரு பத்திரிகையாளர் நியூயார்க்கின் ஹார்லம் பகுதியில் தேடிக் கண்டபோது கையில் காசின்றி இருந்தார். அந்த நீண்ட சண்டைக் கணக்கைப் பெருமையோடு எடுத்துச் சொல்வோர் இந்த முடிவையும் சேர்த்துச் சொல்லட்டும்.

அந்நாளில் தோல்வி இன்றுபோல விலை உயர்ந்ததாகவும் இல்லை. நியூயார்க்கில் 1911 முதல் 1917 வரை அமலில் இருந்த சட்டத்தின்படி, சண்டையின் முடிவில் வென்றவர் யார் என்று நடுவர் அறிவிக்கக் கூடாது. வேறு சில மாகாணங்களிலும் இதே முறை இருந்தது. இத்தகைய பந்தயத்தில் எதிராளியை விழ வைத்தாலொழியச் சாம்பியனுக்குப் பட்டம் போகாது. எனவே யாரோடும் மோதுவதற்கு அவர் அஞ்சவில்லை. தோற்றவனையும் ஜனங்கள் மறு வாரமே பார்க்க வந்தார்கள்.

டெலிவிஷன் வந்ததும் நிலைமை மாறிற்று. 1950-களில் வாரந்தோறும் வீட்டிலிருந்தே இலவசமாகச் சண்டை பார்க்க முடிந்தபோது சிறு பந்தயக் கூடங்களுக்கு யார் போவார்கள்? அவை ஒவ்வொன்றாக மூடப்பட்டன. இளைஞர்கள் தொழில் கற்றுக்கொண்ட பள்ளிகள் அவை. பிறகு வீட்டில் பார்ப்பதற்கும் கட்டணம் வசூலிக்கும் முறை வந்தது. 2015 மே 2-ந் தேதி மேவெதரும் மானி பக்கியாவோவும் மோதிய சண்டையை அமெரிக்காவில் ஏறக்குறைய 46 லட்சம் வீடுகள் பணம் கட்டிப் பார்த்தன. வசூல் 40 கோடி டாலருக்கு மேல். ஓர் இரவில் ஏழு தலைமுறைக்குச் சம்பாதிப்பவன் மறு மாதம் மீண்டும் அடிபட வேண்டிய அவசியம் என்ன?

வைத்தியர்களின் எச்சரிக்கையும் ஒரு காரணம். தலையில் திரும்பத் திரும்ப அடிபட்டவர்களுக்கு மூளை சிதைகிறது என்பதை மார்ட்லண்ட் என்ற வைத்தியர் 1928-லேயே எழுதினார். கேட்டவர் குறைவு. 1961 டிசம்பரில் கடுமையாக அடிபட்டுத் தோற்ற பென்னி பாரட், நான்கு மாதங்கூடக் கழியாமல் 1962 மார்ச்சில் மறுபடி மேடை ஏற்றப்பட்டு, அடிபட்டு மயங்கி, சில நாட்களில் உயிர் துறந்தார். 1982-ல் கொரியாவின் கிம் டுக்-கூ 14-வது ரவுண்டில் விழுந்து மாண்ட பின்னரே 15 ரவுண்டுகள் 12 ஆகக் குறைக்கப்பட்டன. நாக்-அவுட் ஆனவன் குறித்த காலம் ஓய்வெடுத்தாக வேண்டும் என்ற விதிகளும் பலப்பட்டன. இந்தக் குறைவை நாம் மனமார வரவேற்கிறோம். உயிரைக் காக்கும் ஓய்வைக் கோழைத்தனம் என்பது கொடுமை.

ஆனால் சாம்பியன்களின் எல்லா ஓய்வும் வைத்தியர் விதித்த ஓய்வன்று. இங்கே நாம் கண்டிக்க வேண்டியதும் உண்டு. தோல்வியறியாதவன் என்ற பெயரே இன்று முதலாளிகளின் சரக்கு. ஒரு தோல்வி வந்தால் சரக்கின் விலை இறங்கும். ஆகவே தக்க எதிராளியை வருஷக்கணக்கில் தள்ளிப் போடுகிறார்கள். பட்டம் வழங்கும் பெரிய ஸ்தாபனங்கள் நான்கு. நான்கு சாம்பியன்கள் ஒருவரையொருவர் சந்திக்காமலே காலம் தள்ளலாம். பந்தய முதலாளிகளும் டெலிவிஷன் கம்பெனிகளும் தத்தம் ஆட்களை ஒப்பந்தத்தால் கட்டி வைத்திருக்கின்றன. மேவெதர், பக்கியாவோ சண்டைக்கு 2009-லேயே பேச்சுத் தொடங்கியது. நடந்தபோது ஒருவருக்கு வயது 38, மற்றவருக்கு 36. இந்தத் தாமதத்தால் ஜனங்கள் ஏமாந்தார்கள், முதலாளிகளுக்கு நஷ்டமில்லை.

இவ்வளவும் உச்சியில் இருப்பவர்களின் கதை. அடியில் இருப்பவன் இன்றும் அடிக்கடி சண்டை போடுகிறான் என்பதை அபிமானிகள் கவனிப்பதில்லை. இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரத்துப் பீட்டர் பக்லி 1989 முதல் 2008 வரை 300 சண்டைகள் போட்டார். அவற்றுள் 256-ல் தோல்வி. முதலாளிகள் வளர்த்துவிடும் இளைஞர்களுக்கு வெற்றிக் கணக்கு ஏற்றித் தருவதே இத்தகையவர்களின் தொழில். அழைப்பு வந்த மறுநாளே போக வேண்டும். விழுந்துவிட்டால் சில வாரங்கள் மேடை ஏற அனுமதியில்லை, கூலியும் இல்லை. எனவே விழாமல் தோற்கக் கற்கிறார்கள். கிரெப் காலத்துச் சண்டைக் கணக்கு அழிந்துவிடவில்லை. அது சாம்பியனை விட்டுக் கூலிக்காரன் தலைக்கு மாறியிருக்கிறது. அன்று அடிக்கடி மோதியவனுக்குப் புகழாவது கிடைத்தது. இவனுக்கு அதுவும் இல்லை.

புகழ் பெற்றவர்களும் கடைசிவரை சுகப்பட்டுவிடவில்லை. 1942-ல் இரண்டு பட்டச் சண்டைகளின் வருமானத்தைக் கடற்படை, தரைப்படை நிவாரண நிதிகளுக்குக் கொடுத்த ஜோ லூயியை அதே சர்க்கார் பிற்காலத்தில் வரிப் பாக்கிக்காகத் துரத்திற்று. கடனுக்காகவே அவர் மறுபடி மேடை ஏறினார்.

ஆகவே அபிமானிகளுக்கு நாம் சொல்வது இதுதான். வீரன் வருஷத்துக்கு எத்தனை முறை அடிபடுகிறான் என்று எண்ணுவதை விடுங்கள். அடிபட்டவனுக்கு என்ன கிடைத்தது, இடையில் நின்றவன் எவ்வளவு எடுத்தான் என்று கேளுங்கள். வசூல் விவரத்தை வீரனுக்குத் தெரிவித்தாக வேண்டும் என்று அமெரிக்கா 2000-ல் முகம்மது அலியின் பெயரால் ஒரு சட்டம் இயற்றிற்று. அது ஆரம்பம்தான். மேடை ஏறும் கடைசி ஆளுக்கும் குறைந்தபட்சக் கூலி, வைத்திய வசதி, ஓய்வுக்குப்பின் உபகாரச் சம்பளம் ஆகிய மூன்றும் சட்டப்படி உறுதியாக வேண்டும். அதற்கான பணம் இந்தத் தொழிலில் இல்லையென்று, 40 கோடி டாலர் வசூலைக் கண்ட பிறகு, எந்த முதலாளியும் சொல்ல முடியாது.