யானை வழக்கின் செலவை யார் கொடுத்தது?

காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் யானைக்கு வடகலை நாமமா, தென்கலை நாமமா என்ற வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது என்று ஒரு பேச்சு உண்டு. அதில் எது நிஜம், எது கட்டிவிட்டது என்பது கிடக்கட்டும். அந்தக் கோயிலின் வடகலை-தென்கலைச் சண்டை வெள்ளைக்காரர் காலத்திலேயே கோர்ட்டுக்குப் போனது உண்மை. யானைக் கதையைச் சொல்லிச் சிரிப்பவர்கள் ஒன்றை மட்டும் கேட்பதில்லை: அத்தனை வாய்தாவுக்கும் ஆன பணம் கடைசியில் யார் தலையில் விழுந்தது? அதே ஊரில் தறியில் உட்கார்ந்தால்தான் அடுப்பெரியும் என்ற வீட்டில், வர வேண்டிய பாக்கிக்கு வழக்குப் போடலாமா வேண்டாமா என்பதை முடிவு செய்வதே இந்தக் கேள்விதான்.

ஏட்டில் சட்டம் நியாயமாகவே இருக்கிறது. 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம், 35-ஆம் பிரிவில், செலவுத்தொகையை யார் தருவது என்பதை நீதிபதியின் முடிவுக்கு விடுகிறது. ஆனால் தோற்றவர் தர வேண்டாம் என்றால் அதற்குக் காரணம் எழுதியாக வேண்டும். நடப்பில், ‘செலவுத்தொகை இல்லை’ என்ற ஒரு வரியோடு முடிந்துபோகும் தீர்ப்புகள் ஏராளம். செலவோடு தீர்ப்பானாலும், தீர்ப்பாணையில் ஏறுவது நீதிமன்றக் கட்டணம், படிச்செலவு, விதிகளின் அளவுகோல்படி போட்ட வக்கீல் பீஸ் போன்றவைதான். வக்கீலுக்கு எண்ணிக் கொடுத்த பணமல்ல. நிஜமாக ஆன நியாயமான செலவு, அலைச்சலும் போன நேரமும் உட்பட, வென்றவருக்குக் கிடைக்க வேண்டும் என்று சேலம் வழக்கறிஞர் சங்கத்தின் வழக்கில் 2005-லேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. 2011-ல் டெல்லி வழக்கொன்றில் உயர் நீதிமன்றம் 45 லட்சம் ரூபாய்க்கு மேல் செலவுத்தொகை கொடுக்கச் சொன்னபோது, விதி அனுமதிக்கும் அளவைத் தாண்ட முடியாது என்று அதே உச்ச நீதிமன்றம் அதைக் குறைத்தது. விதிகளைத் திருத்துங்கள் என்ற யோசனையும் அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது.

பொய் வழக்கு, பொய் எதிர்வாதம் ஆகியவற்றுக்கு 35-ஏ பிரிவில் தனி இழப்பீடு உண்டு. அதன் உச்சவரம்பு 3,000 ரூபாய், 1976-ல் வைத்தது. ஒரு முகூர்த்தப் புடவையின் ஜரிகைக்குக்கூடப் பற்றாத தொகை. 2015-ஆம் ஆண்டின் வணிக நீதிமன்றச் சட்டம் இந்த வரம்பை எடுத்துவிட்டது; நியாயமான சமரசத்தை ஒருவர் மறுத்தாரா, வீண் வாதம் செய்தாரா என்பதையும் பார்த்துச் செலவை விதிக்கச் சொல்கிறது. ஆனால் 2018 திருத்தத்துக்குப் பிறகும் இது குறைந்தது 3 லட்சம் ரூபாய் மதிப்புள்ள வணிகத் தகராறுக்கு மட்டுமே. கடைக்காரரிடம் 4 லட்சம் நிற்கும் உற்பத்தியாளருக்குப் புதுச் சட்டம், 2 லட்சம் நிற்கும் நெசவாளருக்குப் பழைய 3,000 ரூபாய். தாங்க முடியாதவருக்குத்தான் பாதுகாப்பு குறைவு. இது தலைகீழ் நியாயம். அந்த 3,000 ரூபாய் வரம்பு எல்லா வழக்கிலும் போக வேண்டும்.

செலவை உயர்த்தினால் ஏழை கோர்ட் வாசலையே மிதிக்க மாட்டார் என்பார்கள். அந்தப் பயம் பொய்யல்ல. தோற்றவர் வென்றவரின் செலவைத் தரும் இங்கிலாந்தில் அது பழைய புகார். ஆனால் செலவைத் தோல்விக்கு மட்டும் கட்டாமல் நடத்தைக்கும் கட்டலாமே? நேர்மையாக வழக்காடித் தோற்றவரை விட்டுவிட நீதிபதிக்கு இன்றும் அதிகாரம் உண்டு. ஆவணத்தை மறைத்தவர், வாய்தா மேல் வாய்தா கேட்டவர் வேறு ரகம். காலதாமதம் பணக்காரருக்கு வட்டி மிச்சம். தறிக்காரருக்கோ ஒவ்வொரு வாய்தாவும் ஒரு நாள் கூலி. செலவுத்தொகை பெயரளவில் இருப்பது ஏழையைக் காக்கவில்லை, இழுத்தடிப்பவரைத்தான் காக்கிறது.

சட்டம் மாறும்வரை கையில் இருப்பதையாவது பயன்படுத்தலாம். வழக்குரையிலேயே செலவுத்தொகையைக் கேட்கச் சொல்லுங்கள். வக்கீல் பீஸ் ரசீது முதல் பஸ் டிக்கெட் வரை எடுத்து வையுங்கள். எதிர்த்தரப்பு இழுத்தடித்தால் 35-பி பிரிவில் வாய்தாச் செலவு கேளுங்கள். விதித்த தொகையைக் கட்டாமல் அவர் வழக்கை மேலே நடத்த முடியாது. தமிழ்நாட்டில் பணப் பாக்கி வழக்குக்கான கட்டணம் 2017-ல் 7.5 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகக் குறைந்தது: 2 லட்சத்துக்கு 6,000 ரூபாய். கோர்ட்டுக்கு வெளியே தாங்களே பேசி முடித்துக்கொண்டாலும் அந்தக் கட்டணம் திரும்பக் கிடைக்கும் என்று, சென்னை உயர் நீதிமன்றமே மேல்முறையீட்டுக்குப் போன வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021-ல் உறுதி செய்தது. பாக்கி நின்று 3 ஆண்டு தாண்டினால் வழக்கே செல்லாது போகலாம், தள்ளிப்போடாதீர்கள். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமலும், குறைந்த வருமானம் உள்ள மற்றவர்களுக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் வைத்துத் தரும். அழைக்க வேண்டிய எண் 15100.