அரிக்காத திட்டு அலட்சியம் வேண்டாம்: தொழுநோயையும் பூஞ்சைத் தொற்றையும் வேறுபடுத்தி அறிவது எப்படி?

தோலில் தோன்றும் வெளிறிய திட்டுகள் அனைத்தும் சாதாரணத் தேமல் அல்ல. பூஞ்சைத் தொற்றுக்கும் தொழுநோய்க்கும் இடையிலான வேறுபாடுகள், செய்ய வேண்டிய பரிசோதனைகள், சிகிச்சை முறைகள் ஆகியவற்றை இந்தத் தொகுப்பில் காணலாம்.

பெங்களூரு: கழுத்திலோ முதுகிலோ வெளிறிய திட்டு ஒன்று தென்பட்டால், பலர் முதலில் நாடுவது மருத்துவமனையை அல்ல, மருந்துக் கடையைத்தான். அங்கு ஒரு களிம்பு கிடைக்கிறது. அது பலன் தராவிட்டால் வேறொரு களிம்பு. திட்டு அரிப்பதும் இல்லை, வலிப்பதும் இல்லை என்பதால் மாதங்கள் கடந்துபோவது தெரிவதில்லை.

அந்தத் திட்டு பூஞ்சைத் தொற்றாக இருந்தால் இந்தத் தாமதத்தால் பெரிய இழப்பு இல்லை. ஆனால், அது தொழுநோயாக இருந்தால் அந்த மாதங்களில் நரம்புகள் பாதிக்கப்படுகின்றன. முற்றிலும் சிதைந்த நரம்பை மருந்தால் மீட்க முடியாது. எனவே, தொடக்கத்திலேயே இரண்டையும் பிரித்தறிவது அவசியமாகிறது.

நோய் ஒழிந்துவிட்டதா?

தேசிய தொழுநோய் ஒழிப்புத் திட்டம் இந்தியாவில் 1983ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. 10 ஆயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவான பாதிப்பு என்ற இலக்கை நாடு 2005ஆம் ஆண்டு டிசம்பரில் எட்டியது. பொது சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து நோய் நீங்கியது என்பதே இதன் பொருள். நோய் அடியோடு இல்லாமல் போய்விட்டது என்பதல்ல. இன்றும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 1 லட்சம் பேருக்கு இந்தியாவில் புதிதாகத் தொழுநோய் கண்டறியப்படுகிறது. உலக அளவில் பதிவாகும் புதிய பாதிப்புகளில் பாதிக்கும் மேற்பட்டவை இந்தியாவைச் சேர்ந்தவை.

பாதிப்பு அதிகமுள்ள மாநிலங்களின் வரிசையில் கர்நாடகா இல்லை. பெங்களூரு போன்ற நகரங்களில் இதுவே ஒரு சிக்கலாகவும் மாறுகிறது. நோய் அரிதாகும்போது நோயாளிக்கும், சில வேளைகளில் மருத்துவருக்கும் அந்தச் சந்தேகமே எழுவதில்லை. தொழுநோய்க் கிருமி உடலில் புகுந்த பின் அறிகுறிகள் வெளிப்பட சராசரியாக 5 ஆண்டுகள் ஆகும். சிலருக்கு 20 ஆண்டுகள் கூட ஆகலாம். வேறு ஊரில் எப்போதோ ஏற்பட்ட தொற்று, வேலைக்காகவோ படிப்புக்காகவோ குடியேறிய நகரத்தில் ஒரு சிறு திட்டாக வெளிப்படக்கூடும்.

தேமல், படர்தாமரை: பூஞ்சையின் இரு முகங்கள்

தோல் மருத்துவத்தில் தேமல் எனப்படுவது, மலசீசியா என்ற பூஞ்சையால் ஏற்படுகிறது. இந்தப் பூஞ்சை எல்லோருடைய தோலிலும் இயல்பாகவே வாழ்வதுதான். வெப்பம், ஈரப்பதம், வியர்வை, எண்ணெய்ப் பசை ஆகியவை கூடும்போது அது பெருகி, கழுத்து, மார்பு, முதுகு, தோள் பகுதிகளில் சிறு சிறு திட்டுகளை உண்டாக்குகிறது. திட்டுகள் வெளிறியோ பழுப்பாகவோ இருக்கலாம். நகத்தால் மெல்லச் சுரண்டினால் தவிடு போன்ற செதில்கள் உதிரும். லேசான அரிப்பு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பூஞ்சை அழிந்த பிறகும் தோலின் நிறம் திரும்பச் சில மாதங்கள் ஆகும்.

படர்தாமரை வேறு வகைப் பூஞ்சையால் வருவது. தொடை இடுக்கு, இடுப்பு, அக்குள் போன்ற ஈரம் தங்கும் இடங்களில் இது அதிகம் தோன்றும். விளிம்பு சிவந்து, சற்றே மேடாகி, செதில்களுடன் வட்டமாகப் பரவும். நடுப்பகுதி தெளிந்து காணப்படும். கடுமையான அரிப்பே இதன் முதன்மை அடையாளம். ஒரே துண்டையும் உடையையும் பகிர்ந்து பயன்படுத்தும் குடும்பத்தினருக்கு எளிதில் பரவும்.

இவை இரண்டிலும் பாதிப்பு தோலின் மேற்பரப்போடு நின்றுவிடுகிறது. நரம்பைப் பூஞ்சை தொடுவதில்லை. ஆகவே, திட்டின் மீது தொடு உணர்வு, சூடு, குளிர், வலி ஆகிய அனைத்தும் இயல்பாகவே இருக்கும்.

தொழுநோய்: தோலுக்கு அடியில் நரம்பு

நார்வே மருத்துவர் ஆர்மவர் ஹான்சன் 1873ஆம் ஆண்டு கண்டறிந்த மைக்கோபாக்டீரியம் லெப்ரே என்ற பாக்டீரியாவே தொழுநோய்க்குக் காரணம். இது மிக மெதுவாகப் பெருகும் கிருமி. ஒருமுறை இரட்டிப்பாவதற்கே ஏறத்தாழ 2 வாரங்கள் எடுத்துக்கொள்கிறது. உடலின் குளிர்ச்சியான பகுதிகளான தோல், மூக்கு, காது மடல், தோலுக்கு அருகில் ஓடும் நரம்புகள் ஆகியவற்றை இது நாடுகிறது.

வெளிறிய அல்லது சிவந்த திட்டில் உணர்ச்சி குறைவது அல்லது அற்றுப்போவது, நரம்புகள் தடிப்பதும் அந்த நரம்பு செல்லும் பகுதியில் உணர்ச்சியோ தசை வலுவோ குறைவதும், தோல் கீறல் மாதிரியில் கிருமி காணப்படுவது ஆகிய மூன்றில் ஒன்று இருந்தாலே தொழுநோய் என உறுதி செய்யலாம் என்கிறது மருத்துவ இலக்கணம்.

தமிழ் வாசகர்கள் இங்கு கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பேச்சு வழக்கில் வெளிறிய திட்டு எதுவாயினும் தேமல்தான். தொழுநோய் விழிப்புணர்வுப் பரப்புரையிலும் "உணர்ச்சியற்ற தேமல்" என்ற தொடரே பயன்படுகிறது. எனவே, "தேமல்தானே" என்று ஒதுக்குவதற்கு முன், அதில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம்.

முக்கிய வேறுபாடுகள் என்னென்ன?

* அரிப்பு: படர்தாமரையில் கடுமையாக இருக்கும்; தேமலில் லேசாக இருக்கலாம். தொழுநோய்த் திட்டு பொதுவாக அரிப்பதில்லை.

* செதில்: பூஞ்சைத் திட்டில் செதில் உதிரும். தொழுநோய்த் திட்டு பெரும்பாலும் வழவழப்பாகவோ வறண்டோ காணப்படும்.

* உணர்ச்சி: பூஞ்சைத் திட்டில் மாறாது. தொழுநோய்த் திட்டில் பலருக்குக் குறைந்திருக்கும்.

* வியர்வையும் முடியும்: தொழுநோய்த் திட்டின் மீது வியர்ப்பது குறையும், முடி உதிர்ந்திருக்கலாம். உடல் முழுவதும் வியர்க்கும்போது ஓரிடம் மட்டும் வறண்டிருப்பது கவனிக்க வேண்டிய அறிகுறி.

* பிற அறிகுறிகள்: கை, கால்களில் மரத்துப்போதல், விரல்களில் வலுக்குறைவு, காலணி நழுவுவது தெரியாமை, வலியில்லாத தீக்காயம் அல்லது புண் ஆகியவை பூஞ்சைத் தொற்றில் ஏற்படுவதில்லை.

கண்ணை ஏமாற்றும் தருணங்கள்

இந்த வேறுபாடுகள் எப்போதும் தெளிவாக அமைவதில்லை. தொழுநோயின் ஒரு வகையில், மேடான விளிம்பும் தெளிந்த நடுப்பகுதியும் கொண்ட வட்டத் திட்டுகள் தோன்றும். பார்வைக்குப் படர்தாமரையைப் போலவே இருக்கும் இவற்றை, அரிப்பும் செதிலும் இல்லாததை வைத்தே சந்தேகிக்க முடியும்.

உணர்ச்சி இருப்பதாலேயே தொழுநோய் இல்லை என்று உறுதியாகக் கூறவும் இயலாது. முகத்தில் நரம்புகள் அடர்ந்திருப்பதால் அங்குள்ள திட்டில் உணர்ச்சி எளிதில் குறைவதில்லை. நோயின் மிகத் தொடக்க நிலையிலும் உணர்ச்சி மாறாமல் இருக்கலாம். உடலில் கிருமிகள் மிகுந்துள்ள வகையில், மங்கலான பல திட்டுகள் உடலின் இருபுறமும் ஒரே சீராகப் பரவியிருக்கும். அவற்றில் உணர்ச்சி இழப்பு இருக்காது. தோல் பளபளப்பாகத் தடித்தல், காது மடல் தடித்தல், புருவ முடி உதிர்தல் ஆகியவை இந்த வகையின் அடையாளங்கள். நோயைப் பிறருக்குப் பரப்பும் வாய்ப்பு அதிகமுள்ள வகையும் இதுவே.

மற்றொரு புறம், தொழுநோய் அல்லாத திட்டுகளைக் கண்டு அஞ்சுவதும் உண்டு. சிறுவர்களின் கன்னத்தில் தோன்றும் மங்கலான வெள்ளைத் திட்டுகள் பெரும்பாலும் வறண்ட தோலால் ஏற்படுபவை. பால் போல முற்றிலும் வெளுத்த திட்டு வெண்புள்ளி நோயைக் குறிக்கும். முன்பு "வெண்குஷ்டம்" என்று அழைக்கப்பட்ட இந்தப் பாதிப்புக்கும் தொழுநோய்க்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இது யாருக்கும் தொற்றாது. தொழுநோய்த் திட்டு வெளிறுமே தவிர, அவ்வாறு முழுமையாக வெளுப்பதில்லை.

பரிசோதனை எவ்வாறு நடைபெறுகிறது?

சுகாதாரப் பணியாளர் அல்லது மருத்துவர், நோயாளியைக் கண்களை மூடச் சொல்லி, பஞ்சுத் திரியாலோ பந்துமுனைப் பேனாவாலோ திட்டின் மீதும், அருகிலுள்ள இயல்பான தோலின் மீதும் மாறி மாறி மெல்லத் தொடுவார். தொட்ட இடத்தை நோயாளி விரலால் சுட்டிக்காட்ட வேண்டும். வீட்டில் ஊசியால் குத்தியோ சூடு வைத்தோ சோதிப்பது புண்ணையும் தொற்றையும் வரவழைக்கும் என்பதால் அதைத் தவிர்க்க வேண்டும்.

அடுத்து, முழங்கையின் உட்புறம், முழங்காலின் வெளிப்புறம், கணுக்கால், கழுத்து ஆகிய இடங்களில் நரம்பு தடித்துள்ளதா என மருத்துவர் தொட்டுப் பார்ப்பார். பூஞ்சையா என்பதை அறிய, சுரண்டி எடுத்த செதிலைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் இட்டு நுண்ணோக்கியில் பார்க்கும் எளிய சோதனை போதும். தொழுநோய்ச் சந்தேகம் இருந்தால் காது மடல் உள்ளிட்ட இடங்களில் தோல் கீறல் மாதிரியும், தேவைப்பட்டால் திசுப் பரிசோதனையும் செய்யப்படும்.

களிம்புகளால் நேரும் குழப்பம்

ஸ்டீராய்டும் பூஞ்சை எதிர்ப்பு மருந்தும் கலந்த களிம்புகளைத் தாமாகவே வாங்கிப் பூசும் பழக்கம் இரு நோய்களையும் மறைக்கிறது. ஸ்டீராய்டு பட்டதும் சிவப்பும் அரிப்பும் அடங்கும். பூஞ்சையோ உள்ளுக்குள் பரவும். பின்னர் திட்டு தன் வழக்கமான வட்ட வடிவத்தை இழப்பதால், மருத்துவராலும் எளிதில் அடையாளம் காண இயலாமல் போகிறது. ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றை மருந்துச் சீட்டின்றி விற்பதைத் தடுக்க மத்திய அரசு 2018ஆம் ஆண்டு விதிகளைத் திருத்தியது.

வழக்கமான பூஞ்சை எதிர்ப்பு மருந்துகளுக்குக் கட்டுப்படாத படர்தாமரையும் இந்தியாவில் பரவி வருகிறது. அதனால், களிம்பு பலன் தராத திட்டு எதுவாகவும் இருக்கலாம். சில வாரங்களில் குணம் தெரியாவிட்டால் களிம்பை மாற்றுவதை விட, தோல் மருத்துவரை அணுகி உணர்ச்சிப் பரிசோதனை செய்துகொள்வதே சரியான வழி.

முழுமையாகக் குணமாகும் நோய்

ரிஃபாம்பிசின், குளோஃபாசிமைன், டாப்சோன் ஆகியவற்றைக் கொண்ட கூட்டு மருந்து சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் 1981ஆம் ஆண்டு பரிந்துரைத்தது. 5 திட்டுகள் வரை உள்ள, கிருமி குறைந்த வகைக்கு 6 மாதங்களும், கிருமி மிகுந்த வகைக்கு 12 மாதங்களும் மருந்து உட்கொள்ள வேண்டும். அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இது இலவசமாக வழங்கப்படுகிறது. சிகிச்சை தொடங்கிய சிறிது காலத்திலேயே நோயாளியிடமிருந்து பிறருக்கு நோய் பரவுவது நின்றுவிடுகிறது.

சிறுநீர் சிவப்பாவதும், தோல் கருமையடைவதும் இந்த மருந்துகளின் இயல்பான விளைவுகள், நாளடைவில் மாறிவிடும். சிகிச்சையின் இடையில் திட்டுகள் திடீரெனச் சிவந்து வீங்கினாலோ, நரம்பு வலித்தாலோ மருந்தை நிறுத்தாமல் உடனடியாக மருத்துவரைக் காண வேண்டும். இந்த எதிர்வினைக்கு உரிய நேரத்தில் சிகிச்சை பெறுவதே நரம்பைக் காக்கும்.

விரல்கள் தாமாக அழுகி உதிர்கின்றன என்ற நம்பிக்கை தவறானது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் 1940களின் இறுதியிலிருந்து பணியாற்றிய அறுவை சிகிச்சை மருத்துவர் பால் பிராண்ட், வலி உணர்வை இழந்த கைகளில் மீண்டும் மீண்டும் ஏற்படும் காயங்களே ஊனத்துக்குக் காரணம் என்பதை எடுத்துக்காட்டினார். முடங்கிய விரல்களைச் சீராக்கும் அறுவை சிகிச்சைகளும் அங்கு வளர்ந்தன. நரம்பு பாதிக்கப்படும் முன்பே நோயைக் கண்டறிந்தால் அந்த நிலை வராமலே தடுக்கலாம்.

அச்சத்தால் வரும் தாமதம்

தொழுநோய் கைகுலுக்குவதாலோ, உடன் அமர்ந்து உண்பதாலோ பரவுவதில்லை. சிகிச்சை பெறாத நோயாளியுடன் நீண்ட காலம் நெருங்கிப் பழகும்போது, மூக்கு, வாய் வழியாக வெளிப்படும் நுண்துளிகளால் பரவுகிறது. மக்களில் மிகப் பெரும்பாலானோருக்கு இதை எதிர்க்கும் ஆற்றல் இயல்பாகவே உள்ளது. இருப்பினும், "குஷ்டம்" என்ற சொல்லின் மீதான அச்சத்தாலேயே பலர் பரிசோதனைக்கு வரத் தயங்குகின்றனர். சட்டத்திலும் இந்த ஒதுக்கல் நெடுங்காலம் நீடித்தது. தொழுநோயை விவாகரத்துக்கான காரணமாக ஏற்கும் பிரிவுகள், 2019ஆம் ஆண்டு தனிநபர் சட்டத் திருத்தத்தின் மூலமே நீக்கப்பட்டன.

பெங்களூருவில் மாகடி சாலையில் தொழுநோய்க்கென அரசு மருத்துவமனை இயங்கி வருகிறது. அதே பகுதியிலுள்ள சுமனஹள்ளியில், நோயால் பாதிக்கப்பட்டோருக்கான மறுவாழ்வு மையம் 1970களின் இறுதியிலிருந்து சிகிச்சையும் தொழிற்பயிற்சியும் அளித்து வருகிறது. இன்று நகரவாசிகள் பலருக்கு சுமனஹள்ளி என்பது வெளிவட்டச் சாலையில் உள்ள ஒரு மேம்பாலத்தின் பெயர் மட்டுமே. இருப்பினும், பரிசோதனைக்காக அங்குதான் செல்ல வேண்டும் என்பதில்லை. அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவிலேயே சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளலாம். குடும்பத்தில் ஒருவருக்கு நோய் உறுதியானால், உடன் வசிப்போரும் பரிசோதனை செய்துகொள்வது அவசியம். அவர்களில் தகுதியுள்ளோருக்கு, நோய் வராமல் தடுக்க ஒரு வேளை ரிஃபாம்பிசின் வழங்கப்படுகிறது.

(பொறுப்புத் துறப்பு: இங்கு வழங்கப்பட்டுள்ள தகவல்கள் பொதுவான புரிதலுக்கானவை. நோயை உறுதி செய்வதற்கும் சிகிச்சைக்கும் மருத்துவரின் ஆலோசனையைப் பெறுவது அவசியம்.)