எலும்புக்குக் கட்டளையிடுவது யார்?



வட ஆற்காட்டுச் சீமையிலிருந்து நம் முன்னோர் பலர் கோலார் தங்க வயலுக்குப் பிழைக்க வந்தபோது, நிலத்தடியிலிருந்து பொன் கிடைத்தது. சுரங்கம் 2001-இல் மூடப்பட்டது. இன்று பூதிகோட்டைப் பக்கத்தில் நிலத்தடியிலிருந்து நாம் எடுப்பது ஆழ்துளைக் கிணற்று நீரேயாகும்.

எம் அன்னையார் ஓராண்டாகக் கழுத்தைத் திருப்ப இயலாது வருந்தினார். முதுமை என்றெண்ணி வாளாவிருந்தோம். மருத்துவரோ, உடன் வந்த எம் மகனின் பற்களிலிருந்த பழுப்புக் கறையையும் நோக்கி, "எந்தத் தண்ணீர் குடிக்கிறீர்கள்?" என்று வினவினார். நீரைச் சோதித்ததில் புளோரைடு வரம்பை மீறியிருந்தது.

நாம் இரயில்வே குமாஸ்தா, விஞ்ஞானி அல்லோம். ஆயினும் படித்தறிந்ததைக் கூறுகிறோம். எலும்பு உயிரற்ற கல்லன்று. உடலின் கால்சியத்தில் நூற்றுக்கு 99 பங்கு அதில் உறைகிறது. அதை ஆக்கும் உயிரணுக்கள் கட்டளை பெற்றே வேலை செய்கின்றன. நடந்தாலும் சுமை தூக்கினாலும் அக்கட்டளை பிறக்கிறது. மூளை நரம்புகளிடையே தூது செல்லும் குளூட்டமேட், எலும்பிலும் தூது செல்லக்கூடும் என்று 1997-இல் ஓர் ஆராய்ச்சி காட்டியது. உயிரணுவின் மேலுள்ள ஏற்பியில் அது சேர்ந்ததும் சிறு கதவு திறக்கிறது, கால்சியம் உள்ளே நுழைகிறது, அதுவே சைகை. அஜினோமோட்டோவில் உள்ளதும் குளூட்டமேட்டே. அதைக் குழம்பில் தூவினால் எலும்பு வளரும் என்று எவரும் எண்ணிவிட வேண்டா!

புளோரைடோ அழையா விருந்தாளி. தேவையின்றியே அவ்வுயிரணுக்களைத் தூண்டுகிறது. எலும்பு தடிக்கும்; உறுதியோ குறையும். மூட்டுகளைப் பிணைக்கும் நார்களும் சுண்ணாம்பேறி இறுகும். அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தில் இந்நோயை ஆராய்ந்து 1937-இல் வெளியிட்டவர்கள் ஷார்ட், பண்டிட், இராகவாச்சாரி ஆகியோர்.

ஆதலின், கிணற்று நீரைச் சோதித்துக் கொள்ளுங்கள். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் புளோரைடு இருத்தலாகாது. காய்ச்சினால் அது நீங்காது. நீர் வற்ற வற்றச் செறிவே மிகும். குடிக்க மட்டுமன்றிச் சமைக்கவும் சுத்திகரித்த நீரையே கொள்ளுங்கள். கால்சியம் குறைந்தோரை இந்நோய் மிகுதியும் வாட்டும். ஆதலின் கேழ்வரகுக் களியையும் மோரையும் கைவிடாதீர்கள்.

அன்னையாரின் கழுத்து பழையபடி திரும்பும் என்று மருத்துவர் உறுதி கூறவில்லை. எம் இளைய மகளுக்கு இன்னும் பால் பற்களே. இனி முளைப்பவையேனும் கறையின்றி முளைக்கட்டும் என்று, நாள்தோறும் இரண்டு குடம் நல்ல நீரைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வருகிறோம்.