தீப்பொறிச் செருகி மாற்றுதல்

தீப்பொறிச் செருகி அல்லது ஸ்பார்க் பிளக் என்பது பெட்ரோல் எஞ்சினின் உருளையினுள் காற்று-எரிபொருள் கலவையை மின்பொறியால் பற்றவைக்கும் உறுப்பாகும். பழைய வகைத் தானுந்துகளில் ஒவ்வொரு செருகிக்கும் தனித்தனி உயர் மின்னழுத்தக் கம்பி உண்டு.

எஞ்சின் ஆறிய பின்னரே செருகியைக் கழற்ற வேண்டும். சூடான அலுமினியத் தலைப்பகுதியில் திருகுப் புரிகள் எளிதில் சிதையும். கம்பியை இழுக்காமல் அதன் முனை உறையைப் பிடித்துக் கழற்றுவர்.

புதிதாகச் செய்பவர் ஒரு நேரத்தில் ஒரு கம்பியையும் அதன் செருகியையும் மட்டுமே மாற்றுவது நன்று. எல்லாவற்றையும் ஒருங்கே கழற்றினால் கம்பிகள் இடம் மாறக்கூடும். நான்கு உருளை எஞ்சின்களில் பரவலான எரியூட்டு வரிசை 1-3-4-2 ஆகும். கம்பிகள் மாறி இவ்வரிசை பிறழ்ந்தால் எஞ்சின் நடுங்கும் அல்லது இயங்காது.

புதிய செருகியை முதலில் கையால் திருகிய பின்னரே பிளக் ஸ்பானரால், தயாரிப்பாளர் குறித்த அளவுக்கு இறுக்க வேண்டும்.