உதவியாள் ஏன் விழுந்துவிடுகிறான்?

தேர்வுக் கட்டணம் செலுத்தக் கடைசி நாள். கல்லூரிக் கணிப்பொறி அறையில் மாணவர்கள் நிறைந்திருந்தனர். திடீரென்று எந்தத் திரையிலும் இணையப் பக்கம் வரவில்லை. வெளி இணைப்பில் குறையில்லை. நின்றுபோனது இடையிலிருந்த பிராக்ஸி சர்வர். அதை மறுபடி தொடக்கினால் சிறிது நேரம் ஓடும், பிறகு நின்றுவிடும். இதையே திரும்பத் திரும்பச் செய்து ஒரு மணி நேரத்தை வீணாக்கினோம். இத்தகைய பழுதின் காரணத்தை முறையாகத் தேடுவது எப்படி என்று காண்போம்.

மாணவர் கேட்கும் இணையப் பக்கத்தைத் தான் போய் வாங்கி வந்து தரும் இடையாளே பிராக்ஸி சர்வர். 1996ஆம் ஆண்டு வெளிவந்த ஸ்க்விட் என்னும் மென்பொருள் இவ்வேலைக்குப் பெரிதும் பயன்படுகிறது. அது பலருடைய கேள்விகளை மாறி மாறிக் கவனிப்பதால், எந்த ஒரு கேள்விக்காகவும் காத்து நிற்கக்கூடாது. ஓட்டல் கல்லாவில் இருப்பவர் தாமே எழுந்துபோய் மாவரைத்தால் வரிசை என்னாவது? ஆகவே, கடவுச்சொல்லைச் சரிபார்ப்பது போன்ற வேலைகளை ஸ்க்விட், உதவி நிரல்கள் சிலவற்றிடம் விட்டுவிடுகிறது. பெயரையும் கடவுச்சொல்லையும் ஒரே வரியாக அது அனுப்பும். உதவி நிரல் 'ஓ.கே.' என்றோ 'இ.ஆர்.ஆர்.' என்றோ பதில் தரும்.

உதவி நிரல் ஒன்று செயலிழந்தால் ஸ்க்விட் வேறொன்றைத் தொடக்கும். அவையும் அடுத்தடுத்து விழுந்தால், "உதவி நிரல்கள் மிக விரைவாக விழுகின்றன, உதவி தேவை" என்ற பொருளில் ஒரு வரியைத் தன் குறிப்பேட்டில் எழுதிவிட்டுத் தானும் நின்றுவிடும்.

இந்த வரியையே காரணமென்று கொள்வதுதான் முதல் தவறு. இது காய்ச்சலைப் போன்றது, நோய் வேறு. 'உதவியாள் போதவில்லை' என்றெண்ணி ஐந்தை இருபதாக்கினால் இருபதும் விழும். குறிப்பேட்டில் அதற்கு முந்தைய வரிகளைப் படிக்கவேண்டும். அங்கே உதவி நிரலின் சொந்த முறையீடு இருந்தது: 'கோப்பைத் திறக்க அனுமதி இல்லை.'

இதைச் சோதிக்க, உதவி நிரலை மட்டும் தனியே இயக்கி, ஒரு பெயரையும் கடவுச்சொல்லையும் கையால் தட்டச்சு செய்தோம். 'ஓ.கே.' என்றே பதில் வந்தது! அப்படியானால் குறிப்பேடு பொய் சொன்னதா? இல்லை. நாங்கள் 'ரூட்' என்னும் தலைமைப் பயனராக இருந்து அதை இயக்கினோம். ரூட்டுக்கு எல்லாக் கோப்பும் திறக்கும். ஸ்க்விட்டோ, பாதுகாப்புக் கருதி, உதவி நிரல்களைக் குறைந்த உரிமையுள்ள வேறொரு பயனர் பெயரில் இயக்குகிறது. சோதனையின் நிபந்தனையை நாங்களே மாற்றிவிட்டோம். அந்தப் பயனர் பெயரில் மீண்டும் இயக்கினோம். நிரல் அமைதியாகத் தொடங்கியது. முதல் கேள்வி போனதும் விழுந்தது.

இப்போது எல்லாம் விளங்கியது. காலையில் புதிய மாணவர்களின் பெயர்களைச் சேர்த்தபோது, கடவுச்சொல் கோப்பு ரூட் மட்டுமே படிக்கக்கூடியதாக மாறியிருந்தது. கேள்வி வந்த பின்னரே உதவி நிரல் அக்கோப்பைத் திறக்கிறது. அதனால்தான் ஒவ்வொரு முறையும் சர்வர் சிறிது நேரம் ஓடியது.

கோப்பைப் படிக்கும் உரிமையை ஸ்க்விட்டின் பயனருக்கு மட்டும் அளித்தோம். எல்லோருக்கும் திறந்துவிட்டாலும் பழுது நீங்கும். ஆனால் கடவுச்சொல் கோப்புக்குப் பூட்டு இருக்காது.

எல்லா முறையும் காரணம் இதுவாகவே இராது. நிரல் இருக்குமிடம் தவறாகக் குறிக்கப்பட்டிருக்கலாம். அதற்குத் தேவையான வேறொரு கோப்பு இல்லாதிருக்கலாம். ஆனால் தேடும் முறை ஒன்றே: முந்தைய வரியைப் படி, பழுதான பகுதியைத் தனியே பிரி, அது வேலை செய்யும் அதே நிபந்தனையில் சோதித்துப் பார். இயற்பியல் ஆய்வகத்தில் மின்சுற்றின் பழுதைத் தேடும் மாணவர்களும் இதைத்தானே செய்கிறார்கள்?

அன்று மாலைக்குள் மாணவர்கள் கட்டணம் செலுத்திவிட்டனர்.